மூடிக்குள் எழுதியது

மே மாதம் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் கீழ்வீட்டு ஏசியின் இரைச்சல் அடங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வளவில் கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. அந்த ஏசியின் வெளிப்பெட்டி என் ஜன்னலுக்கு நேர் கீழே, சன்ஷேடின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டரை வருஷமாக ராத்திரி பகல் பாராமல் என் கட்டிலைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்தது. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வெயிலில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவன், ஒரு மத்தியானம் நிம்மதியாகக் கண்ணை மூட நினைத்தது தப்பா? தப்புதான். அரைமணி நேரத்தில் ரீபா மாடிப்படி ஏறி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே என்னை நினைத்துக் கூசியது.

ரீபாவின் கணவன் கிங்ஸ்டனுக்கு முப்பத்தொன்பது வயது. கழுத்துக்குக் கீழே உடம்பு அவன் சொன்னபடி கேட்காது. கைகளைக் கொஞ்சம் தூக்குவான், விரல் மடங்காது. இதெல்லாம் பார்த்தால் தெரிகிற விஷயம். பார்த்தால் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவன் உடம்பு வேர்க்காது. வேர்க்காத உடம்பில் சூடு ஏறினால் இறங்க வழியில்லை. அறையைக் குளிர்ச்சியாக வைக்காவிட்டால் காய்ச்சல் கூடி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். மற்ற வீடுகளில் ஏசி என்பது சொகுசு. அந்த வீட்டில் அது வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டிய மருந்து.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் கிங்ஸ்டனே ஏசி மெக்கானிக்தான். வண்ணார்பேட்டையில் ஏசி கடை வைத்திருக்கும் நடராஜ் அண்ணாச்சியிடம் பதினாறு வருஷம் வேலை பார்த்தான். 2022 ஜூனில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் சுவருக்கு வெளியே நின்று பெட்டியை மாட்டும்போது, கால் வைத்திருந்த இரும்புச் சட்டம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இடுப்பில் பெல்ட் இல்லை. அண்ணாச்சி கடையில் பெல்ட் என்ற சாமானே கிடையாது. பத்து நிமிஷ வேலைக்கு எதுக்குவே பெல்ட்டு என்பாராம்.

கிங்ஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மாதம் அண்ணாச்சி ஒரு பழைய ஒன்றரை டன் ஏசியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். புது ஏசி வாங்குகிறவர்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் போகிற பழசுகளில் ஒன்று. கூடவே போட்டோ பிடிக்க ஆள் வந்தான். வளவில் எல்லாருக்கும் அல்வா கிடைத்தது. நானும் தின்றேன். அண்ணாச்சிக்குத் தங்க மனசு என்று ஊர் சொன்னது.

ரீபா நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்தத் தங்கம் உரசிப் பார்க்கப்பட்டது. கிங்ஸ்டன் என் கடை ஆளே இல்லை, அவ்வப்போது வந்து போகிற வெளியாள், விழுந்த அன்றைக்கும் அவனாகப் பிடித்த வேலைக்குத்தான் போனான், பாவமென்று மனிதாபிமானத்தில் ஏசி கொடுத்தேன் என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்துவிட்டார். பதினாறு வருஷமும் சம்பளத்தைக் கையில்தான் கொடுத்திருக்கிறார். சீட்டு கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. கூட வேலை பார்த்தவர்களில் ஒருத்தனும் சாட்சிக்கு வரவில்லை. அவனவனுக்கு வயிறு இருக்கிறது. இப்படியே இரண்டு வருஷம் வாய்தாவில் போய், கடைசி விசாரணை மே பதினாறு வெள்ளிக்கிழமை என்று ஆகியிருந்தது. வருகிறபோது ஏதாவது ஓர் அத்தாட்சியோடு வாருங்கள் என்று அந்த அதிகாரி ரீபாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பார்த்து ஏசி படுத்துக்கொண்டது. கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த வாரம். ரீபா வேறு இரண்டு மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். ஒருத்தன் அடுத்த வாரம் வருகிறேன் என்றான். இன்னொருத்தன் எத்தனை வருஷத்துப் பெட்டி என்று கேட்டுவிட்டு, தூரப் போடுங்கள் என்றான். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி கடைக்கே சொன்னாள். சாயங்காலம் மாரிசெல்வம் வந்தான். கிங்ஸ்டனோடு பத்து வருஷம் ஒன்றாக ஏணி தூக்கியவன். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைக் கழற்றினான், பத்து நிமிஷம் எதையோ நோண்டினான், மூடினான், இறங்கினான்.

"கம்ப்ரஸர் போச்சு மதினி. இந்த மாடலுக்கு இனிமே சாமான் கிடைக்காது. மாத்திருங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னான். உள்ளே போய் அண்ணனை ஒரு எட்டுப் பார்க்கவில்லை. ரீபா காப்பி போடட்டுமா என்று கேட்டதற்குக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் நடந்ததை வேலை என்று சொல்வதா, போர் என்று சொல்வதா தெரியவில்லை. கால்மணிக்கு ஒரு தடவை நாலு துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் அக்குளிலும் தொடையிலும் மாற்றிப் போட வேண்டும். தொட்டித் தண்ணீரே மத்தியானத்தில் கை வைக்க முடியாமல் கொதித்தது. நான் மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வீடு முழுக்கச் சாளை மீன் வாடை அடித்து வளவுப் பூனையெல்லாம் வாசலில் கூடிவிட்டது. கிங்ஸ்டன் அதற்குச் சிரித்தான். அதுதான் அன்றைக்கு அவன் சிரித்த ஒரே தடவை. ரீபா மோர்க்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பாதி வெளியே வந்தது. மகள் அனிஷா பள்ளி லீவுக்கு முக்கூடலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். இதைப் பார்க்க அவள் இல்லாதது நல்லது என்று ரீபா இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் நடராஜ் அண்ணாச்சியே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நுங்கு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கிங்ஸ்டனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உச் கொட்டினார். பிறகு வெளியே வந்து ரீபாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். கிங்ஸ்டன் தன் கடையில் வேலை பார்த்தவர் அல்ல, அண்ணாச்சி கருணையோடு கொடுத்த புது ஏசியைப் பெற்றுக்கொண்டோம், வழக்கைத் திரும்பப் பெறுகிறோம். எல்லாம் டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"புது ஏசி வண்டியில ஏத்தி வச்சாச்சு தாயி. நீ இத எழுதிக் குடுத்தா வியாழக்கிழமை காலையில மாட்டிருவாவ. கேசு கேசுன்னு அலைஞ்சு என்னத்தக் கண்ட? மொதல்ல உன் மாப்பிள்ள உசுரப் பாரு."

காகிதத்தை வைத்துவிட்டு அவர் போனபின் ரீபா என்னைப் பார்த்தாள். இங்கே நான் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்கக் கூடாது. போட்டுக் கொடுத்துவிடு தாயி, ஆள் இருந்தால்தானே கேஸ் என்றேன். பிறத்தியான் வீட்டுக் கையெழுத்துத்தானே, எனக்கு வாய் சுளுவாக வந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், போன வருஷம் ஒரு வாரம் அங்கே படுத்ததில் வந்த முதுகுப் புண் ஆற ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரீபா பேனாவைத் தேடி எடுத்துவிட்டாள். காகிதத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்து, கிங்ஸ்டனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, ஏசிய ஒருக்கப் போடுங்க. மத்த ஃபேன எல்லாம் நிப்பாட்டுங்க. மூணு நிமிஷம் ஒருத்தரும் பேசக்கூடாது."

போட்டேன். வெளியே காத்தாடி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. மூன்று நிமிஷம் கழித்து அதற்கு உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. கொஞ்சம் முனகிவிட்டு டக்கென்று நின்றது. மறுபடி சில நிமிஷம் கழித்து அதே முனகல், அதே டக். கிங்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"முக்குது. முக்கிட்டுக் கட் ஆவுது. கெப்பாசிட்டருன்னு ஒரு சின்னச் சாமான், அத மாத்திப் பாக்காம இதக் கம்ப்ரஸர் போச்சுன்னு எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான். திங்கக்கிழமையே இந்தச் சத்தம் என் காதுல விழுந்துச்சு. மாரி பாத்துட்டுச் சொல்லுதானேன்னு பேசாம இருந்துட்டேன். ரீபா, பேனாவ வை. ஏணிய எடு."

ஏணியில் நான் ஏறுகிறேன் என்றேன். என் முழங்காலைப் பற்றி வளவு முழுக்கத் தெரியும் என்பதால் ஒருத்தரும் அதைக் காதில் வாங்கவில்லை. புருஷன் விழுந்த நாளிலிருந்து ரீபா ஒரு ஸ்டூலில்கூட ஏறியதில்லை. பரணில் இருக்கும் பாத்திரத்தைக்கூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறினாள். நான் மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சரி என்றேன். அது மட்டும் என் தொழில். உள்ளே கட்டிலில் கிடந்தபடி கிங்ஸ்டன் ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். மூடியில் எட்டு ஸ்குரூ. மூடி நெருப்பாய்க் கொதித்ததால் ஈரத்துண்டைச் சுற்றிப் பிடித்து என்னிடம் இறக்கினாள். நான் அதைக் கவிழ்த்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

உள்ளே சோடா டின் அளவுக்கு ஒரு வெள்ளிக் குப்பி இருக்கும், அதுதான் கெப்பாசிட்டர், வெறுங்கையால் தொட்டுவிடாதே என்று கிங்ஸ்டன் கத்தினான். கரண்டை அணைத்தாலும் அதற்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவரின் முனையால் அதன் இரண்டு காதையும் சேர்த்துத் தொடச் சொன்னான். சட்டென்று ஒரு பொறி பறந்தது. ஏணி ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். ஒயர் எதெது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, அவள் அதைக் கழற்றிக் காட்டினாள். அதன் தலை உப்பியிருந்தது.

அப்போதுதான் நான் சுவரில் சாய்த்த மூடியைத் திரும்பிப் பார்த்தேன். அதன் உட்புறத்தில் கறுப்பு மார்க்கரால் வரி வரியாக எழுதியிருந்தது. ஓரத்தில் அண்ணாச்சி கடையின் பெயரும் போன் நம்பரும் உள்ள ஸ்டிக்கர். கடைசி வரியின் மை புதுசாக இருந்தது. அதை உரக்கப் படித்தேன்.

"12.5.25. கம்ப்ரஸர் ஓ.கே. கெப்பாசிட்டர் போச்சு. பார்ட்டிக்குச் சொன்னது: கம்ப்ரஸர் போச்சு. மாரி."

ரீபா ஏணியில் அப்படியே நின்றாள். மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். அதன்பிறகு அவள் மாரியை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் வாயில் அவ்வளவு இருந்தது எனக்கே புதுசு. செத்துக்கொண்டிருக்கிறவன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, அரைத்ததை எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே என்று எனக்கும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் இறங்கி வந்து தன் கண்ணால் பார்க்க மூடியை வாங்கினாள். வாங்கியவள் சட்டென்று வசவை நிறுத்தினாள். அவள் பார்வை அதற்கு மேல் வரிக்குப் போயிருந்தது.

"19.4.22. கம்ப்ரஸர் ஓ.கே. கெப்பாசிட்டர் வீக். பார்ட்டிக்குச் சொன்னது: கம்ப்ரஸர் போச்சு. எக்ஸ்சேஞ்ச். கிங்ஸ்."

அவர்கள் வீட்டு வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கல்யாணத் தேதியும் அனிஷா பிறந்த தேதியும் எழுதியிருக்கிறது. இதே கை, இதே சாய்ந்த எழுத்து. எனக்கு அது தெரியாது. ரீபா பிறகு சொன்னாள்.

அவள் உப்பிய கெப்பாசிட்டரை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், அதே மாதிரி புதுசு ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயரை மாட்டினாள். மெயினைப் போட்டேன். மூன்று நிமிஷம் கழித்து, நான் இரண்டரை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அந்த இரைச்சல் கிடுகிடுவென்று எழுந்தது. கிங்ஸ்டன் உள்ளேயிருந்து அல்லேலூயா என்றான். அவள் துண்டு மாற்றுவதை நிறுத்தவில்லை. காய்ச்சல் நூறுக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தாள். அந்தப் பொறுமை எனக்கு வராது. இறங்கியபிறகுதான் மூடியைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது யாரு எழுத்து?"

அவன் பார்த்தான். "என் எழுத்துதான்."

"யாரு வீட்டு ஏசி இது?"

"மேலப்பாளையத்துல சித்தி ஜனாபான்னு பேருள்ள ஒரு அக்கா. அவங்க உம்மா வாதத்துல விழுந்து படுக்கையில கெடந்தாவ. அவங்களுக்குன்னு அண்ணன்காரர் சவுதியிலேருந்து பணம் அனுப்பி வாங்குனது. நான் போயிக் கம்ப்ரஸர் போச்சுன்னேன். புதுசு வாங்க வழி இல்லன்னாவ. பெட்டிய எடுத்துக்கிட்டு ஒரு ஏர் கூலரக் குடுத்துட்டு வந்தோம்."

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"மாட்டுன அன்னைக்கே தெரியும். உள்பெட்டியில எழுநூத்தி எம்பத்தாறுன்னு ஸ்டிக்கர் இருந்துச்சு. சொரண்டி எடுத்திருந்தாவ. தடம் இருக்கு, பாரு. நீ அழுக்குன்னு நெனச்சுத் தேச்ச. ரெண்டரை வருசமா அதப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன்."

பொய்யை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்கு அது விளங்கவே இல்லை. கிங்ஸ்டன் விளக்கினான். மூடியை மூடுவதற்கு முன்னால் பார்த்ததை எழுதிவிட வேண்டும், ஒருத்தன் பார்த்ததை இன்னொருத்தன் மறுபடி பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது. கடையில் அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவனே அவன்தான். பார்ட்டியிடம் என்ன சொன்னோம் என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்துப் போகிறவன் மாற்றிச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடுவான். மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் மூடியைத் திறக்கப் போவதில்லை. பழகிய கை, மாரியும் நினைக்காமலே எழுதியிருப்பான்.

"மாரிய வாயில வந்தபடி வைஞ்சேன்" என்றாள் ரீபா. "அவன் செஞ்சதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க."

"வித்தியாசம் இல்ல. அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அந்த ஒரு வீடு மட்டும் இல்ல. நெறைய வீடு."

"அவரு சொல்லச் சொன்னாரு, சரி. சொன்ன வாயி யாரு வாயி? இந்த வாயிக்குத்தானே நான் கஞ்சி ஊட்டுதேன்."

நான் நடுவில் புகுந்து, அத்தாட்சி கேட்டார்களே, இதைவிட என்ன வேண்டும் என்றேன். கடை ஸ்டிக்கர் இருக்கிறது, இவன் எழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே அண்ணாச்சி ஒத்துக்கொள்கிற ஆள் மாரியின் எழுத்து இருக்கிறது. கிங்ஸ்டன் பதறிவிட்டான். அதை அங்கே கொண்டுபோகக் கூடாது என்றான். விழுந்தவன், பாவம் என்று ஊர் சொல்கிறது. சபையில் ஒவ்வொரு வாரமும் தன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். அனிஷா படிக்கிற பள்ளிக்கூடமும் சபை இருக்கிற தெருவில்தான் இருக்கிறது. திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு வருகிற பணம் வேண்டாம், அண்ணாச்சி காகிதத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடு என்று கெஞ்சினான். ரீபா மூடியைத் துண்டில் சுற்றினாள்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சியின் வண்டி புது ஏசிப் பெட்டியோடு வந்து நின்றது. இறங்கிய மாரிசெல்வம், இரைந்துகொண்டிருந்த பழைய பெட்டியை அண்ணாந்து பார்த்தான். மூடியில்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் செத்துவிட்டது.

"மூடியக் குடுங்க மதினி, மாட்டிட்டுப் போயிருதேன்" என்றான், அடித்தொண்டையில்.

"அது வெள்ளிக்கிழமை வேற எடத்துக்குப் போவுது" என்றாள் ரீபா. "உன் அண்ணன் உள்ள கெடக்காவ. போயிப் பாத்துட்டுப் போ."

அவன் உள்ளே போகவில்லை. வண்டி பெட்டியோடு திரும்பியது. கையெழுத்தில்லாத காகிதமும் அதே வண்டியில் போனது. அரைமணியில் அண்ணாச்சியிடமிருந்து போன் மேல் போன் வந்தது. ரீபா எடுக்கவில்லை. துணைக்கு வருகிறீர்களா மாமா என்று கேட்டு, பக்கத்து வீட்டு ஜெபராணியைக் கிங்ஸ்டனுக்குக் காவல் வைத்துவிட்டு, மூடியோடு என்னை மேலப்பாளையத்துக்குக் கூட்டிப் போனாள். கிங்ஸ்டனுக்குத் தெருப் பெயர் மறந்திருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டு வருஷம் மீட்டர் பார்த்தவன், கண்டுபிடித்துவிட்டேன்.

சித்தி ஜனாபாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் சொளவுத் தட்டை வைத்து, இலையும் தூளுமாகப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ரீபா நின்றுகொண்டே சொன்னாள். யார், எங்கிருந்து வருகிறேன், அந்த ஏசி இப்போது எங்கே ஓடுகிறது, அதன் மூடியில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியது யார். ஒன்றையும் குறைக்கவில்லை. புருஷன் கிடக்கிற கிடையைச் சொல்லி இரக்கம் தேடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதை ஒரே வரியில் சொல்லி முடித்தாள். நாளைக்கு விசாரணை, அவர் அண்ணாச்சி கடையிலிருந்துதான் வந்தார் என்று சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை என்றாள். ஜனாபாவின் விரல்கள் முதலில் நிற்கவில்லை. மூடியை வாங்கிப் பார்த்தபோதுதான் நின்றன.

"உம்மா மவுத்தாயி ரெண்டு வருசம் ஆவுது" என்றார். "இதனாலதான்னு சொல்லமாட்டேன். வயசு ஆயிப்போச்சு. ஆனா அந்த ரெண்டு கோடையும் முதுகெல்லாம் வேர்க்குருவும் புண்ணுமாத்தான் கெடந்தாவ. ராவெல்லாம் விசிறி கேப்பாவ. நான் பகல் பூரா பீடி சுத்துன கையி, எத்தன நாழி விசிறும்? வெயில்ல வந்திருக்காரேன்னு உன் மாப்பிள்ளைக்கு நன்னாரி சர்பத் போட்டுக் குடுத்தேன் அன்னைக்கு. குடிச்சிட்டுத்தான் சொன்னாரு."

ரீபா தலையைக் குனியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"நான் வருவேன்" என்றார் ஜனாபா. "எக்ஸ்சேஞ்ச் சீட்டு இருக்கு, கொண்டாறேன். ஆனா உனக்காவ வரல. நல்லா கேட்டுக்கோ. நல்ல மனுசன், பாவம், அப்படியெல்லாம் என் வாயில வராது. ஏமாத்துனாருன்னுதான் சொல்லுவேன். அதனால உன் கேசு நின்னா நிக்கட்டும், போனா போவட்டும்."

வீட்டுக்கு வந்து ரீபா அதை வார்த்தை மாறாமல் கிங்ஸ்டனிடம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சாயங்காலம், நாளைக்கு நானும் வரணும் என்றான். வெயிலில் வேண்டாம் என்று நானும் ஜெபராணியும் சொன்னோம். ரீபா மட்டும் சொல்லவில்லை. ஏசி போட்ட வேன் ஒன்றுக்குச் சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சக்கர நாற்காலியில், கழுத்தில் ஈரத்துண்டோடு கிங்ஸ்டனை அதிகாரி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். மேலே ஒரு காத்தாடி ஒப்புக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நடராஜ் அண்ணாச்சி வக்கீலோடு வந்திருந்தார். மூடியை மேஜைமேல் வைத்ததும் அதைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். இது நான் கொடுத்த பெட்டியின் மூடியே இல்லை, எவனோ எதையோ கிறுக்கியிருக்கிறான் என்றார். ஜனாபா எக்ஸ்சேஞ்ச் சீட்டை எடுத்து மூடியின் பக்கத்தில் வைத்தார். அதில் கடை முத்திரை இருந்தது, பெட்டியின் நம்பர் இருந்தது, வந்த மெக்கானிக் என்ற இடத்தில் கிங்ஸ்டன் என்றிருந்தது. அண்ணாச்சி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சீட்டைப் பார்த்தார்.

அதிகாரி ஜனாபாவிடம், இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அண்ணாச்சி கடையிலேருந்து வந்து என்னய ஏமாத்திட்டுப் போன ஆளு."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். அவர் நல்ல மனுஷர். நாற்காலிப் பக்கம் திரும்பி, இதை இப்படியே பதிந்தால் உங்கள் பேருக்கும் கெடுதல்தான், கடையிலிருந்து பழுதுபார்க்க வந்தவர் என்று மட்டும் போட்டுக்கொள்ளலாமா, இந்த அம்மா சரி என்றால் என்று கேட்டார். கிங்ஸ்டனின் முகம் சூட்டில் சிவந்து போயிருந்தது.

"வேண்டாம் சார்" என்றான். "அந்த அக்கா சொன்னபடியே எழுதுங்க. ஏமாத்துனேன். அண்ணாச்சி கடையிலேருந்து போயித்தான் ஏமாத்துனேன்."

அந்தப் பெண் அப்படியே அடித்தாள். ஜனாபா அவன் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.